தகட்டில் ஓட்டை, சட்டத்தில் ஓட்டை

மோட்டார் காரின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் எஞ்சின் கட்சிக்காரர்கள். 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கினார் என்று தொடங்குவார்கள். அங்கிருந்து பிஸ்டன் பிஸ்டனாகத் தாவி நம் காலத்தில் வந்து இறங்கிவிடுவார்கள். அத்தனை எஞ்சினும் எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தியினால் அந்தரத்தில் நின்றது என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

எஞ்சின் உட்கார்ந்தது தகட்டின்மேல். உள்ளங்கை அகலம், மூன்று மில்லிமீட்டர் கனம், நாலைந்து ஓட்டை. பட்டறையில் மவுண்டிங் பிளேட் என்பார்கள். கார் கம்பெனியில் ஒரு பிரஸ் ‘டப்’பென்று ஒரே அடியில் அதைப் பெற்றுப்போடும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவனுடைய எஞ்சின் ஒரு காரிலிருந்து வந்தது, சேசிஸ் வேறொன்றிலிருந்து, ஸ்டீயரிங் பெட்டி மூன்றாவது ஒன்றிலிருந்து. தாம் வளைந்து கொடுத்தால் கௌரவம் போய்விடும் என்று சம்பந்தி வீட்டார் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் புகுந்து இரண்டு தரப்பிடமும் அடிவாங்கி உறவைக் காப்பாற்றுவது அந்தத் தகடுதான். கணக்குப் பார்த்தால், ‘என் கையால் நானே கட்டிய கார்’ என்று மார்தட்டுகிறவன் நிஜமாகவே தன் கையால் செய்தது அந்தத் தகடுகளை மட்டும்தான். மற்றதெல்லாம் வேறு யாரோ செய்தது, இவன் கழற்றி எடுத்து வந்தது.

ஆகவே ஒரு மாறுதலுக்கு, தகட்டின் பக்கமிருந்து கதையைச் சொல்வோம்.

*

டெட்ராய்ட், 1893. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி. எடிசன் மின்விளக்குக் கம்பெனியின் இஞ்சினியர் ஹென்றி ஃபோர்டு, தான் செய்த முதல் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைகிறார். சிலிண்டர், ஒரு கேஸ் பைப் துண்டு. ஃபிளைவீல், பழைய லேத் ஒன்றின் கைச்சக்கரம். எல்லாம் தயார், உட்கார வைக்கத்தான் இடமில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டது சிங்க். எஞ்சினைப் பலகையில் பொருத்தி, பலகையைச் சிங்கோடு சேர்த்து இறுக்கிவிட்டார். உலகத்தின் மிகப்பெரிய கார் சாம்ராஜ்யங்களில் ஒன்றின் முதல் மவுண்டிங், பாத்திரம் கழுவுகிற இடம்.

மறுநாள் விருந்துக்கு அடுப்பில் வேலையாக இருந்தவர் மனைவி கிளாரா. பக்கத்து அறையில் ஏழு வாரக் குழந்தை எட்செல். எஞ்சினுக்கு கார்புரேட்டர் என்று ஒன்று இல்லாததால், பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் பொறுப்பு கிளாராவுக்குப் போனது. தீப்பொறிக்கு வீட்டு மின்சாரம். ஃபோர்டு சக்கரத்தைச் சுற்றினார். எஞ்சின் இருமியது, பிடித்தது, ஓடியது. பெட்ரோலும் நெருப்பும் கைக்குழந்தையும் ஒரே கூரையின்கீழ் இருந்த அந்தச் சில நொடிகளை மோட்டார் யுகத்தின் விடியல் என்று புத்தகங்கள் கொண்டாடுகின்றன. விருந்துச் சமையல் என்ன ஆயிற்று என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது வருஷம் முழு வண்டி தயாரானது. பாக்லி அவென்யூ 58-ம் எண் வாடகை வீட்டின் பின்பக்கத்துச் செங்கல் கொட்டகைதான் தொழிற்சாலை. சைக்கிள் சக்கரம் நாலு, நீராவி எஞ்சின் ஒன்றின் புகைக்குழாயை அறுத்துக் குடைந்த சிலிண்டர் இரண்டு, மொத்த எடை 500 பவுண்ட், அதாவது சுமார் 227 கிலோ. பின்னோக்கிப் போகும் கியர் கிடையாது. முன்வைத்த காலைப் பின்வைக்காத வண்டி. 1896 ஜூன் 4, இன்னும் விடியவில்லை. வண்டியை வெளியே தள்ளலாம் என்று பார்த்தால், கொட்டகையின் கதவு வண்டியைவிடக் குறுகல்.

மாதக்கணக்கில் திருகு திருகாக அளந்து செய்த மனிதர், வாசலை அளக்கவில்லை. இது ஏதோ ஃபோர்டுக்கு மட்டும் வந்த மறதி அல்ல. வீட்டில் கார் கட்டுகிறவனின் அளவுநாடா காரைச் சுற்றியே வரும்; கதவுவரைக்கும் அது எட்டாது. ஃபோர்டு கோடரியை எடுத்தார். கதவோரச் செங்கற்களை இடித்து வழிபண்ணிக்கொண்டு தெருவில் இறங்கினார். வீட்டில் கட்டும் கார்களின் வரலாற்றில் பதிவான முதல் பெரிய ஓட்டை, வாடகை வீட்டுச் சுவரில் விழுந்தது. கோபமாக வந்த வீட்டுக்காரர், வண்டியைப் பார்த்ததும் சொக்கிப்போய் அகலமான கதவே வைத்துக் கொடுத்தார் என்பார்கள். அப்படியொரு வீட்டுக்காரர் இருந்தார் என்பதை நம்புவதற்கு, குதிரையில்லாமல் ஓடும் வண்டியை நம்புவதைவிட அதிக தைரியம் வேண்டும்.

அந்த வண்டியை 200 டாலருக்கு விற்றுவிட்டு ஃபோர்டு அடுத்ததற்குப் போனார். 1908-ல் மாடல் டி, 1913-ல் நகரும் அசெம்பிளி வரிசை, 1927-க்குள் ஒன்றரைக் கோடி கார். தான் மட்டும் ஆசைதீரக் கொட்டகையில் கட்டிப் பார்த்துவிட்டு, வேறு யாரும் கட்டத் தேவையே இல்லாதபடி செய்துவிட்டார்.

ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் கேட்கவில்லை.

*

1921-ல் ஆஸ்டின் மோட்டார் கம்பெனி கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்தவர் கண்காணிப்பில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி ஹெர்பர்ட் ஆஸ்டினுக்குக் குட்டிக் கார் ஒன்று செய்ய ஆசை வந்தது. கம்பெனி நிர்வாகம் கையை விரித்தது. ஆஸ்டினுக்கு ரோஷம் வந்தது. ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்துக் காரை வரையச் சொன்னார். 1922-ல் வந்தது ஆஸ்டின் செவன். விலை 165 பவுண்ட். ‘வேண்டாம் என்றீர்களே, ஆகவே கார் ஒன்றுக்கு இரண்டு கினி எனக்கு’ என்பது ஆஸ்டின் போட்ட கணக்கு. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார் விற்றது. ரோஷத்துக்கு இவ்வளவு நல்ல வட்டி வேறு யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இந்தக் காரின் பெருமை அதன் மரணத்தில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது நாடெங்கும் கோழிக்கூண்டுக்குப் பின்னாலும் வைக்கோலுக்கு அடியிலும் செத்துக் கிடந்தன செவன்கள். மேல்பாகம் மக்கிப் போயிருக்கும். கீழே ஆங்கில ‘ஏ’ எழுத்து வடிவத்தில் சேசிஸும் 747 சிசி எஞ்சினும் உயிரோடு இருக்கும். புதுக்கார் வாங்கப் பணமில்லாத, பணம் இருந்தாலும் கார் கிடைக்காத இளைஞர்கள் மேல்பாகத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, மிச்சத்தில் பந்தயக் கார் கட்டினார்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர். இதற்காகவே 1939-ல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் என்ற சங்கம் வேறு இருந்தது. உலகத்தின் மறுகோடியில், நியூசிலாந்தில், புரூஸ் மெக்லாரன் என்ற பையனும் ஓர் ஆஸ்டின் செவனைத் தட்டிக்கொட்டித்தான் பந்தயத்துக்குள் வந்தார்.

1960 வரை பிரிட்டனில் பழைய காருக்குத் தகுதிச் சோதனை என்று எதுவும் கிடையாது. சக்கரம் சுற்றினால் கார். சுற்றாவிட்டால் அடுத்த ஞாயிறு.

*

இந்த ஸ்பெஷல் கட்டியவனின் ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வரலாறு இங்கேதான் மெதுவாக நகர்கிறது, பெரும்பாலும் தப்பான திசையில்.

ஆஸ்டின் சேசிஸில் ஃபோர்டின் 1172 சிசி எஞ்சினைத் திணிக்க ஆசைப்பட்டவன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கம்பெனிகளும் இப்படி ஒரு பயல் கிளம்புவான் என்று கனவிலும் எதிர்பார்க்காததால், ஒன்றின் ஓட்டை மற்றதன் ஓட்டையோடு சேராது. எஞ்சினைக் கயிற்றில் தொங்கவிட்டு, இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதாகப் பாவனை பண்ணி, இடைவெளியை அளக்கிறான். முதலில் அட்டை. நேராக இரும்பில் கை வைக்கிறவன் ஒன்று மேதை, அல்லது பணக்காரன். மற்றவர்கள் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை வெட்டி மாதிரி செய்து பார்ப்பார்கள். குடும்பம் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் கார் வளரும். குழந்தைகள் அதிகமுள்ள வீட்டில் ஸ்பெஷல் சீக்கிரம் முடியும் என்று ஒரு கொள்கையே வகுக்கலாம்.

அட்டை கச்சிதமாகப் பொருந்தும். அட்டை எப்போதும் பொருந்தும்; அதுதான் அதன் நயவஞ்சகம். இழுத்த பக்கம் வளைந்து கொடுத்துவிட்டு, இரும்பு வந்ததும் ‘எனக்குத் தெரியாது’ என்று ஒதுங்கிவிடும்.

அடுத்தது குறிப்பது. தகட்டில் நீல மை பூசி, ஸ்கிரைபரால் கோடு கிழித்து, ஓட்டை வரவேண்டிய இடத்தில் சென்டர் பஞ்சை வைத்து ஒரு தட்டு. இந்தத் தட்டு நூலளவு விலகினால் அப்புறம் எல்லாமே விலகும். பிறகு ஹேக்சா. அறுக்கும் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது பதிந்திருக்க வேண்டும் என்பது பட்டறை வேதம். மூன்று மில்லிமீட்டர் தகடு என்றால் அங்குலத்துக்கு 32 பல் பிளேடு. 14 பல் பிளேடுதான் கையில் இருக்கிறது என்று அதைப் போட்டால், பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் மொழுக்கென்ற இரும்புப் பட்டையால் இன்னொரு இரும்புப் பட்டையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருப்பான். பல் முன்பக்கம் பார்க்க வேண்டிய பிளேடைப் பின்பக்கம் பார்க்க மாட்டிவிட்டு, ‘இந்த இரும்பு ரொம்பக் கெட்டி’ என்று முடிவுகட்டியவர்களும் உண்டு.

ஓட்டை போடுவது தனிக் காண்டம். மெல்லிய தகட்டில் எடுத்தவுடன் பெரிய டிரில் பிட்டை இறக்கினால் வட்டமான ஓட்டை விழாது. முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் இடையே ஏதோ ஒன்று விழும். அதைவிட மோசம், பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அந்தக் கடைசிக் கணம். பிசிறில் மாட்டிக்கொண்டு பிட்டோடு சேர்ந்து தகடும் சுழலும். வைஸில் இறுக்காமல் கையால் பிடித்திருந்தவனுக்கு அன்றைக்குத்தான் தன் விரல்களின்மேல் எவ்வளவு பிரியம் என்று தெரியவரும்.

இதையெல்லாம் தாண்டியவனுக்கு ஒரு பரீட்சை பாக்கி. எஞ்சினுக்கு இடதில் ஒரு தகடு, வலதில் ஒரு தகடு. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகவே ஓட்டை போட்டுவிட்டால் அளவு பிசகாது. நல்ல யோசனை. பிறகு ஓரத்தை மடக்க வேண்டும். ஒன்றை இந்தப் பக்கம், மற்றதை அந்தப் பக்கம். சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில், பசியோடு, வெற்றிக் களிப்பில், இரண்டையும் ஒரே பக்கம் மடக்கிவிடுவான். இரண்டும் அற்புதமான வேலைப்பாடு. இரண்டும் இடது. பிரிட்டிஷ் கொட்டகைகளில் தேவைக்கு மேல் கிடக்கும் இடதுபக்கத் தகடுகளைச் சேகரித்தால், இடதுபக்கம் மட்டுமே உள்ள கார் ஒன்று கட்டிவிடலாம்.

மறுபடி அறுத்து, மறுபடி அரம் போட்டு, பிசிறு எடுத்துப் பொருத்துகிறான். மூன்று போல்ட் இறங்குகிறது. நாலாவது ஒரு நூல் தள்ளி நிற்கிறது. எந்தத் தகட்டிலும் நாலாவது போல்ட் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. வட்ட அரத்தை எடுத்து ஓட்டையை நீளமாக்குகிறான். யாராவது கேட்டால், ‘பின்னால் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வசதியாக வேண்டுமென்றே விட்டது’ என்பான். கைத்தவறு என்று ஒன்று பொறியியலில் கிடையாது. அதன் பெயர் அட்ஜஸ்ட்மென்ட்.

கடைசியில் எடை குறைக்கும் பித்து. பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் மூன்று மில்லிமீட்டர் கன இரும்புத் தகடு சுமார் 235 கிராம். அதன் நடுவே நாற்பது மில்லிமீட்டரில் ஒரு வட்டத்தைக் குடைந்து எடுத்தால் 30 கிராம் மிச்சம். ஒரு முழு மாலையைச் செலவழித்து அந்த 30 கிராமைக் குறைத்துவிட்டு, சாதித்த திருப்தியில் உட்கார்ந்து முட்டையும் பேக்கனும் ரொட்டியுமாக ஒரு பிடி பிடிப்பான். வண்டியின் மொத்த எடை, ஓட்டுநரையும் சேர்த்து, அன்றைக்குக் கூடித்தான் இருக்கும்.

*

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் இந்தக் கிறுக்கை வியாபாரமாக மாற்றினார். பெயர் காலின் சாப்மன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்துக்கொண்டே, பழைய கார் வாங்கி விற்கும் வாரன் தெருவில் உபதொழில். வகுப்புக்குப் போனதைவிடத் தெருவுக்குப் போனது அதிகம் என்பதைப் பரீட்சை முடிவு காட்டியது. கணக்கில் கோட்டை விட்டார். பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் எதிராளிகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் இவர்தான்.

1947-ல் அரசாங்கம் சொந்தக் கார்களுக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத ஊரில் பழைய காரை யார் வாங்குவார்கள்? கையிலிருந்ததையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் சாப்மன். யாருமே சீந்தாமல் ஒன்று மட்டும் தங்கியது: ஒரு பழைய ஆஸ்டின் செவன். விற்க முடியாததை என்ன செய்வது? பிரித்தார். இடம்? காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட். பெண் கேட்டு வருவதற்கு முன்பே ஷெட்டைக் கேட்டு வந்த மாப்பிள்ளையை அந்தப் பெற்றோர் எப்படிப் பொறுத்தார்களோ. 1948-ல் ப்ளைவுட்டும் அலுமினியமுமாக அந்த ஷெட்டிலிருந்து வெளியே வந்த உருவத்துக்கு ‘லோட்டஸ்’ என்று பெயர் வைத்தார்.

1951-ல் மூன்றாவது கார். ஆஸ்டின் எஞ்சினில் நாலு சிலிண்டர் இருந்தாலும் கலவை உள்ளே போக வாசல் இரண்டுதான். இரண்டிரண்டு சிலிண்டர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு மூச்சுத் திணறும். சாப்மன் வாசலுக்கு நடுவே ஒரு தடுப்பு வைத்து, இரண்டை நாலாக்கினார். அவ்வளவுதான். 750 கிளப்பின் பந்தயங்களில் மற்றவர்கள் அவருடைய காரின் பின்பக்கத்தை மட்டுமே பார்க்க நேர்ந்தது. தோற்றவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் இதைத் தடுக்க ஒன்றுமில்லை. சங்கம் யோசித்தது, புதிதாக விதி எழுதி அந்தத் தடுப்பைத் தடை செய்தது. ஃபோர்டு சுவரில் போட்ட ஓட்டையை சாப்மன் விதியில் போட்டார். இரண்டையும் பின்னால் யாரோ வந்து பூச வேண்டியிருந்தது.

1952 புத்தாண்டில், அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டலின் பின்னாலிருந்த குதிரை லாயத்தில் லோட்டஸ் இஞ்சினியரிங் தொடங்கியது. முதலீடு 25 பவுண்ட், ஹேசலிடம் கடன். ஷெட் பெண் வீட்டாருடையது, லாயம் அப்பாவுடையது, பணம் காதலியுடையது. சுயமாக முன்னேறிய மனிதர் என்று சாப்மனைச் சொல்கிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

அங்கிருந்து வந்த ஆறாவது காரில் ஆஸ்டின் சேசிஸ் இல்லை. குழாய்களைப் பற்றவைத்த சொந்தச் சேசிஸ். வெறும் கூடு 55 பவுண்ட். அதில் அலுமினியத் தகடும் மவுண்டிங்குகளும் ஏறியதும் 90 பவுண்ட். எடை குறைப்பதையே மதமாக வைத்திருந்த மனிதரின் சேசிஸிலும், தகடும் தகடு சார்ந்ததும் 35 பவுண்ட். ஏகாதசி விரதம் முடிந்தது.

*

இப்போது பெரிய ஓட்டைக்கு வருவோம். போர்க்காலத்தில், 1940-ல், பிரிட்டிஷ் அரசு பர்ச்சேஸ் டாக்ஸ் என்று ஒரு வரி போட்டது. போர் முடிந்தது, வரி முடியவில்லை. புதுக்காரின் விலையில் கணிசமான பங்கு கஜானாவுக்குப் போகும். ஆனால் வரி காருக்குத்தான்; கார் ஆகாத உதிரிப் பாகங்களுக்கு அல்ல. கிளட்ச், சேசிஸ், சக்கரம் என்று தனித்தனியாகப் பெட்டியில் போட்டு விற்றால், அரசாங்கத்தின் கண்ணில் அது கார் இல்லை, கொஞ்சம் அதிகப்படியான சாமான்.

1957-ல் வந்த லோட்டஸ் செவனின் விலைப்பட்டியல் இதை நாசூக்காகச் சொன்னது. கம்பெனியே முடித்துக் கொடுத்தால் வரியோடு 1,036 பவுண்ட். பெட்டியில் எடுத்துப்போய் நீங்களே மாட்டிக்கொண்டால் 526 பவுண்ட். ஒரு ஸ்பேனர் பிடித்தால் 510 பவுண்ட் கூலி. பிரிட்டனில் அந்த ரேட்டில் சம்பளம் வாங்கிய மெக்கானிக் வேறு யாரும் இல்லை.

அரசாங்கமும் விட்டுவிடவில்லை. பாகங்களோடு ‘எப்படி மாட்டுவது’ என்ற குறிப்பு கொடுத்தால் அது கார் விற்றதாகிவிடும் என்று கிடுக்கிப்பிடி போட்டது. லோட்டஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு: மாட்டும் குறிப்புக்குத்தானே தடை? ஆகவே செவனை எப்படிக் ‘கழற்றுவது’ என்று விளக்கமாகக் குறிப்பெழுதிக் கொடுத்தாராம் சாப்மன். வாங்கியவன் கடைசிப் பக்கத்தைத் திறந்து முதல் பக்கத்தை நோக்கி வேலை பார்க்க வேண்டியது. இதனால் ஒரு தலைமுறை பிரிட்டிஷ் இளைஞர்கள், பெட்டியில் வந்த புத்தம்புதுச் சாமானை முன்னால் வைத்துக்கொண்டு, இல்லாத காரைக் கழற்றியிருக்கிறார்கள். தத்துவ விசாரம் வெறும் நாற்காலியிலேயே நடக்க வேண்டும் என்று யார் சொன்னது?

1967-ல் இந்தக் கார் தொலைக்காட்சிக்கும் போனது. ‘தி பிரிசனர்’ தொடரின் நாயகன் பாட்ரிக் மக்கூஹன் ஓட்டியது லோட்டஸ் செவன். தன் கையால் கட்டியது என்று கதையில் அவரே பெருமைப்பட்டுக்கொள்கிறார். ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் அறைந்துவிட்டுக் கிளம்பும் உளவாளி அவர். எதற்காக ராஜினாமா செய்தார் என்பதைக் கண்டுபிடிக்க எதிராளிகள் தொடர் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கொட்டகையில் கார் கட்டியவர்கள் யாரையாவது கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள்: மவுண்டிங் வேலை பாக்கி, லீவு கிடைக்கவில்லை.

1973 ஏப்ரலில் பர்ச்சேஸ் டாக்ஸ் ஒழிந்து வாட் வரி வந்தது. காரானாலும் பெட்டியானாலும் வரி வரிதான். ஓட்டை அடைபட்டது. அந்த வருஷமே செவனைக் கேட்டர்ஹாம் என்ற ஊரின் விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு லோட்டஸ் பெரிய மனுஷத் தோரணைக்கு மாறியது. கேட்டர்ஹாம் அதையே இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கிறது, பெட்டியிலும்தான். வரிக்காகக் கட்டினார்கள் என்றால் வரி போன அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டுமே? யாரும் நிறுத்தவில்லை. 510 பவுண்ட் மிச்சம் என்பது மனைவிக்குச் சொன்ன காரணம்.

*

அந்தக் காரணமும் இல்லாமல் போன காலத்தில், 1996-ல், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் புதுக் காரணம் கொண்டுவந்தார். ஆவுண்டில் பள்ளியின் பட்டறையில் பையன்களோடு கார் கட்டிக்கொண்டிருந்த ரான் சாம்பியன், 250 பவுண்டில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே அறிவித்துப் புத்தகம் போட்டார். செவனின் ஜாடையில், ஓரங்குலச் சதுரக் குழாயில் சேசிஸ். உயிர் கொடுக்க ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட். பெயர் ‘லோகாஸ்ட்’. தகடுகள் எல்லாம் அவரவர் அறுத்துக்கொள்ள வேண்டியது.

ஹேக்சா போய் கிரைண்டர் வந்திருந்தது. முன்னால் ஒரு மணி நேரத்தில் செய்த தப்பை இப்போது ஒரு நிமிஷத்தில் செய்யலாம். தீப்பொறி பறக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும், புதுச்சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். கிரைண்டர் வாங்கிய செலவு, வெல்டிங் மெஷின் வாங்கிய செலவு, முகக்கவசம், சட்டை எதுவும் அந்த 250 பவுண்டில் சேராது. ‘கருவி என்பது முதலீடு’ என்று வாதிடும் கணக்குப்பிள்ளை கார் கட்டுகிற ஒவ்வொருவனுக்குள்ளும் இருக்கிறான்.

அரசாங்கம் இந்த முறை வேறு வழியில் வந்தது. 1998-ல் தனிக் கார்களுக்குப் பரிசோதனை முறை ஒன்று, 2009-ல் அதைவிடக் கண்டிப்பாக இன்னொன்று. அதிகாரி கையில் நூறு மில்லிமீட்டர் உருண்டை ஒன்று. வண்டியின் வெளிப்புறத்தில் அந்த உருண்டை தொடக்கூடிய விளிம்பு எதுவானாலும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் வழவழவென்று உருண்டிருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தகட்டின் விளிம்பை எப்படித்தான் சீவினாலும் அதற்கு 2.5 மில்லிமீட்டர் ஆரம் வராது. கணக்கில் கோட்டை விட்டவனுக்குக்கூட இது புரியும். ஆகவே பரிசோதனைக்கு முந்தின வாரம், வருஷக்கணக்கில் இழைத்த தகட்டின் விளிம்பிலெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, போல்ட் தலைக்கெல்லாம் பிளாஸ்டிக் குல்லாய் போட்டு அழைத்துப்போவார்கள். தேறிவிட்டால் வீடு திரும்பியதும் அந்த ரப்பரும் குல்லாயும் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். உருண்டைக்கு மட்டும் தெரியாது.

அந்தப் பரிசோதனைக்கு விண்ணப்பிக்கிறவன், வண்டி வியாபாரத்துக்காகச் செய்ததல்ல, தானே கட்டியதுதான் என்று நிரூபிக்க வேண்டும். சாமான் வாங்கிய ரசீது வேண்டும், வேலை நடந்தபோது எடுத்த படம் வேண்டும். ரசீதைக் காட்டுவதில் ஒரு சிக்கல்: 250 பவுண்ட் என்று வீட்டில் சொன்னது அம்பலமாகிவிடும். படத்தில் சிக்கல் இல்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு, தீப்பொறிக்கு நடுவில் ஐயா தகடு அறுக்கிறார். கிரைண்டருக்கே இரண்டு கையும் வேண்டும். அப்படியானால் கேமராவைப் பிடித்திருந்தது யார் என்று எந்தப் படிவமும் இன்றுவரை கேட்டதில்லை.